தினமும் ஒரு தெருப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் காரணீஸ்வரர் கோயிலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி எங்கள் வீடு. 2018 முதல், வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் தினமும் ஒரு படம் எடுத்து வருகிறேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அலுவலகத்தில், கல்யாண வீட்டில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே பதினெட்டு, பத்தொன்பது கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

1. எங்க தெருவுல அப்படி என்னங்க இருக்கு, தினமும் படம் எடுக்க?

எல்லாத் தெருவிலும் இருப்பதுதான். கடை திறக்கும் முன்பே வாசலில் வந்து காத்திருக்கும் பால் டிரே, கதவுப் பிடியில் தொங்கும் மஞ்சப்பை, அரிசி மாவுக் கோலத்தை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் எறும்பு வரிசை, தண்ணீர் லாரிக்காக ஆட்களுக்குப் பதில் வரிசையில் நிற்கும் குடங்கள்.

அந்தக் குடங்களையே சொல்கிறேன். எங்கள் தெருவில் பெரும்பாலும் பச்சை, ஆரஞ்சு என இரண்டே நிறம். தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு நாள் படம் எடுப்பதற்காகக் குனிந்தபோது ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஓர் அடையாளம் இருப்பது தெரிந்தது. ஒன்றில் நகப்பாலிஷால் வைத்த இரண்டு புள்ளி, ஒன்றில் சிவப்புக் கயிறு, இன்னொன்றில் கம்பியைச் சுட வைத்து எழுதிய 'வ'. பத்து வருஷமாக அதே வரிசையில் என் குடத்தையும் வைத்திருக்கிறேன். அதுவரை இதைப் பார்த்ததே இல்லை.

2. நல்ல கேமரா வாங்கணுமா, போனே போதுமா?

போன் போதும். என் படங்களில் பத்தில் ஒன்பது போனில் எடுத்தவை. வீட்டில் ஒரு கேமரா இருக்கிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீரை வாங்கப் போனால் கீரைக்காரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். போனை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

செலவில்லாத இரண்டு வேலை உண்டு. ஒன்று, வெளியே கிளம்பும் முன் லென்ஸைக் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். நம் ஊர் வியர்வையும் கைப்பிசுக்கும் லென்ஸில் படிந்து, படமெல்லாம் புகை மூட்டம் மாதிரி வரும். போன் பழசாகிவிட்டது என்று நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். இரண்டாவது, திரையில் வெளிச்சமான இடத்தில் விரலை வையுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் படம் இருளும். வெள்ளை வேட்டியும் கோலமும் வெளிறிப் போகாமல் இருக்க இது ஒன்றே போதும்.

3. எந்த நேரத்துல போனா படம் நல்லா வரும்?

காலை வெயில் ஏறுவதற்கு முன்னும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின்னும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில் சூரியன் உதிக்கும். ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகிவிடும். சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில். அதனால் "ஆறரை மணிக்குப் போகணும்" என்று ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டால் ஜூனில் வெயில் ஏறியிருக்கும், ஜனவரிக் கடைசியில் சூரியனே உதித்திருக்காது.

உங்கள் தெரு எந்தத் திசையில் போகிறது என்றும் பாருங்கள். கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் காலை வெளிச்சம் தெரு நீளத்துக்கும் ஓடி வரும். எதிரே வருகிறவர்களின் தலைமுடி ஓரமெல்லாம் பொன்னாக மின்னும். தெற்கு வடக்காகப் போகும் சந்தில் அது கிடைக்காது. அங்கே வீடுகளுக்கு நடுவில் ஏதாவது ஓர் இடைவெளி வழியாக ஒரே ஒரு பட்டை வெளிச்சம் விழும். எங்கள் சந்தில் அது ஓர் இஸ்திரி வண்டி மேல் விழுகிறது. பத்து நிமிஷம் இருக்கும், போய்விடும்.

4. மத்தியான வெயில்ல எடுக்கவே கூடாதுன்னு சொல்றாங்களே?

முகங்களுக்கு அந்த வெயில் ஆகாது. கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். ஆனால் நம் ஊர் மத்தியானத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி. சென்னை நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 13 டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. முதலாவதில் பகல் 12.07 வாக்கிலும் இரண்டாவதில் 12.13 வாக்கிலும் செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் இருக்காது. விளக்குக் கம்பத்தைப் போய்ப் பாருங்கள், அடியில் கோடே இருக்காது. மொட்டை மாடியில் ஒரு சொம்பை வைத்து எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சொம்பைத் தூக்கித் தூக்கி நிழலைத் தேடினார்கள். அன்றைய படம் அதுதான்.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவே உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதாவது வடக்குப் பார்த்த சுவர்களுக்கு வருஷத்தில் நாலு மாசம் போலத்தான் நடுப்பகல் வெயில் கிடைக்கும். எதிர் வீட்டின் வடக்குச் சுவரில் மே மாசம் ஒரு ஜன்னல் கம்பியின் நிழல் நீளமாகச் சாய்ந்து விழும். செப்டம்பரில் தேடினால் இருக்காது. மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு இதற்கான காரணம் பிடிபட்டது.

5. தினமும் ஒரே தெருதானா? பீச், மயிலாப்பூர்னு போகக்கூடாதா?

தாராளமாகப் போங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு நானும் மயிலாப்பூர் போகிறேன். ஆனால் தினசரிப் படத்துக்கு ஒரே வட்டாரம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புது இடத்தில் எல்லாமே கண்ணைப் பறிக்கும், எது அங்கே வழக்கம், எது இன்றைக்கு மட்டும் நடப்பது என்று தெரியாது. பழகின தெருவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. அது மனப்பாடமான பிறகுதான், அதில் ஒன்று பிசகினால் உடனே கண்ணில் படும்.

3-இல் சொன்ன இஸ்திரி வண்டி அண்ணன் ஏழு மணிக்குக் கரியை மூட்டுவார். பெட்டியின் மூடியைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டுவார். ஆட்ட ஆட்டப் பொறி பறக்கும். அப்புறம் ஈரத்துணியில் ஒரு தொடு. 'சுர்' என்றால் சூடு சரி. மேஜையில் விரித்திருக்கும் கம்பளியில் பெட்டியின் அடிப்பாகம் அச்சாகப் பழுப்பு நிறத்தில் ஏழெட்டு இடத்தில் பதிந்திருக்கும். கூர்முனை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். ஒரு நாள் ஒரே ஓர் அச்சு மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. கேட்டேன். ஊருக்குப் போன வாரத்தில் அவர் மகன் வண்டியைப் பார்த்துக்கொண்டானாம், அவனுக்கு இடது கைப் பழக்கம். மற்ற அச்சுகளை நூறு முறை பார்த்திருக்காவிட்டால் அந்த ஒன்று எனக்குத் தெரிந்திருக்குமா?

6. நான் போனா ஒண்ணுமே கண்ணுல பட மாட்டேங்குது. எதை எடுக்கணும்னு எப்படித் தெரியும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். முதலில், நடக்காதீர்கள். ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். முதல் மூன்று நிமிஷம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். காதையும் பயன்படுத்துங்கள். கீரைக்காரம்மாவின் குரல் எந்தச் சந்தில் திரும்புகிறது, அதற்கு எந்தப் பால்கனியிலிருந்து பதில் வருகிறது, கூடை எந்தக் கயிற்றில் இறங்குகிறது என்று சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கண்ணுக்கு வேலை தானாக வரும்.

அதுவும் நடக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு ஒரே பொருளை மட்டும் தேடுங்கள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது 'ஒட்டுப் போட்டது'. நம் தெருக்களில் எதுவும் லேசில் தூக்கி எறியப்படுவதில்லை. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சூட்டுக்கம்பியால் துளைபோட்டுக் கம்பியால் தைத்திருப்பார்கள். ஒழுகும் குழாயில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். வாசல் கேட்டில் கொண்டிக்குப் பதில் பழைய துப்பட்டா. ஒரு செருப்பு தைக்கும் தாத்தாவின் குடையில் நான் பதினொரு ஒட்டு எண்ணினேன், அதில் ஒன்று ஏதோ கட்சிக்கொடியின் துண்டு. ஒரு வாரம் இதையே தேடினால் எட்டாவது நாள் மற்றதும் கண்ணில் படத் தொடங்கும்.

இன்னொரு வாரம் கைகளை மட்டும் பாருங்கள். பூக்கார அக்கா முழம் போடும் கை ஒன்று போதும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை அளந்து, கடைசியில் பழகின ஆளுக்கு மட்டும் இரண்டு விரல்கடை தள்ளி நறுக்குவார்.

7. ஆளுங்க முகம் தெரியிற மாதிரி எடுக்கலாமா? கேட்டுட்டுத்தான் எடுக்கணுமா?

பொது இடத்தில் படம் எடுப்பதற்கு நம் நாட்டில் பொதுவான தடை ஒன்றும் இல்லை. அதே நேரத்தில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நாளைக் காலையும் அதே ஆள் முகத்தில் முழிக்கப் போகிறீர்கள். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: முகம் அடையாளம் தெரிகிற படம் என்றால் எடுத்த உடனே கிட்டே போய்க் காட்டுவேன். "வேணாம்மா" என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பேன், 'சமீபத்தில் அழித்தவை' பகுதியிலிருந்தும். எடுத்துக்கொண்ட படம் பிடித்துப்போய், மாட்டி வைக்க ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு விஷயம் உண்டு, வேறு பகுதிக்காரர்களுக்கும் இது பொருந்தலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் பக்கம் மாற்றினார்கள். அதனால் ஆற்றோரச் சந்துகளில் யாராவது வீட்டை நோக்கிப் போனைத் தூக்கினாலே "எதுக்குக் கணக்கெடுக்கிறீங்க?" என்ற பயம் வந்துவிடுகிறது. முதல் மாசம் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை எடுக்கப் போறாங்களா, சொல்லிடுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் பேசாமல் போனை எடுப்பதே இல்லை. நான் யார், எந்த வீடு, எதற்கு எடுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுவேன்.

8. கேட்டா உடனே விறைப்பா நின்னு போஸ் கொடுத்துடறாங்களே?

கொடுக்கட்டும். அந்தப் படத்தையும் மனசார எடுங்கள், அது அவர் விரும்புகிற தன் படம். எடுத்து முடித்துக் காட்டிவிட்டு, அப்படியே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

9. நான் பொண்ணுங்க. தெருவுல தனியா போனைத் தூக்கிட்டு நின்னா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க.

நானும் பெண்தான், எனக்கும் இருந்தது. "எந்த சானல்?" என்பார்கள், "வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" என்று கேட்டவரும் உண்டு. எனக்குக் கைகொடுத்தது ஒரு பை. கையில் காய்கறிப் பை இருந்தால் கடைக்குப் போகிற பெண், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில் போவதும் உதவும். அந்த நேரத்தில் யார் யார் தெருவில் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் உங்களைத் தெரியும். முதல் இரண்டு வாரம் ஆட்கள் பக்கமே போனைத் திருப்பாமல் சுவர், கோலம், மரம் என்று எடுங்கள். பெண்கள் இருக்கும் கடைகளில் ஏதாவது வாங்கிப் பழகுங்கள். இப்போது பூக்கார அக்காவே "இன்னிக்கு அந்த மூலையில பூனை குட்டி போட்டிருக்கு, போய்ப் பாரு" என்று துப்புக் கொடுக்கிறார்.

மனசுக்குச் சரியாகப் படாத இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம். அன்றைய படத்தை வீட்டு ஜன்னலிலிருந்து எடுக்கலாம்.

10. குழந்தைங்களை எடுக்கலாமா?

அப்பா, அம்மா அல்லது பாட்டி கண்ணெதிரில் இருந்து சரி என்றால் மட்டும். எடுத்த படம் அந்த வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான். பொதுவெளியில் போடுவதில்லை. சீருடையில் பள்ளிப் பெயர் தெரிகிற படம் என்றால் எடுப்பதே இல்லை.

11. கோயில், ஸ்டேஷன் எல்லாம் நம்ம ஏரியாவுலதானே இருக்கு, அங்க எடுக்கலாமா?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதனால் கோபுர வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் கழற்றி விட்ட செருப்பைத் தேடும் காட்சியே ஒரு வருஷத்துக்குப் போதும். ரயில் நிலையம், மெட்ரோ, காவல் நிலையம், நீதிமன்றம் போன்ற இடங்களில் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதன்படி நடங்கள். காவலர் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம்.

12. ஏழைங்க கஷ்டத்தைப் படம் எடுக்கிறது சரியா? மனசு உறுத்துது.

உறுத்த வேண்டும். உறுத்தாமல் எடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். நான் எனக்கு வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இந்தப் படத்தை அவர் பிள்ளை பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் சந்தோஷப்படுமா, தலை குனியுமா? தூங்குகிறவர், குடித்து விழுந்திருப்பவர், குளிப்பவர், அழுகிறவர் ஆகியோரை எடுப்பதில்லை. பலருக்கு வீட்டு வேலையின் பாதி தெருவில்தான் நடக்கிறது, வாசல்தான் அவர்களுடைய சமையலறை. அது பொது இடமாக எனக்குத் தெரியலாம், அவர்களுக்கு அது வீடு.

ஆனால் ஏழை என்பதற்காக ஒருவரை மொத்தமாகத் தவிர்ப்பதும் சரியில்லை. 6-இல் சொன்ன செருப்பு தைக்கும் தாத்தாவின் ஊசி முனையை, மெழுகு தேய்த்த நூலை, அவர் ஒரு வாரை இரண்டாக மடித்துக் குத்தும் வேகத்தைப் படமெடுத்துக் கொடுத்தேன். பெட்டியின் மூடி உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

13. தனியாப் போகப் பிடிக்கல. கூட்டமாப் போற குழு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. படக்கலையில் நம் ஊர் பழம்பெருமை உள்ள ஊர், மெட்ராஸ் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியது 1857-இல். வார இறுதிகளில் சேர்ந்து நடந்து படமெடுக்கும் சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்களும் உண்டு. 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழாவில் படங்களைப் பொது இடங்களிலும் காட்சிக்கு வைப்பார்கள். நான் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வதுண்டு. ஆனால் முப்பது பேர் ஒரு சந்துக்குள் நுழைந்தால் அந்தச் சந்து வேறாகிவிடும். கூட்டத்தோடு கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் தெருவுக்குத் தனியாகப் போங்கள்.

14. மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?

எனக்குப் பிடித்த காலமே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். தரை நனைந்ததும் தெருவுக்கு இன்னொரு மாடி வந்துவிடும். ஜவுளிக்கடை விளக்கு, ஆட்டோவின் மஞ்சள், குடை எல்லாம் தலைகீழாகத் தரையில் நிற்கும். இருட்டப் போகும் நேரத்தில் 2-இல் சொன்ன மாதிரி வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், போனாகவே கூட்டிக் காட்டினால் அந்த நீலம் போய்விடும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வந்தால் லென்ஸ் ஆவி படிந்து மங்கும். பையிலேயே வைத்து இருபது நிமிஷம் விட்டு எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தேங்கிய தண்ணீரில் படத்துக்காக இறங்காதீர்கள். கீழே திறந்த மழைநீர் வடிகாலும் அறுந்த மின்கம்பியும் இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாளும் முதல் மாடி ஜன்னலிலிருந்துதான் எடுத்தேன்.

15. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா எல்லாம் வீணா?

இல்லை. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல் நாளுக்கு ஒரு போலராய்டு படம் என்று எடுத்துவந்தார். 1997 அக்டோபர் 25 அன்று, தன் 41-வது பிறந்தநாளில் இறக்கும் வரை எடுத்தார். அந்த உறுதியை நினைத்தால் கைகூப்பத் தோன்றும். ஆனால் காய்ச்சல், சாவு வீடு, கணக்கு முடிக்கும் மார்ச் மாசம் எல்லாம் நமக்கு உண்டு. விட்ட நாளை விட்ட நாளாகவே வையுங்கள். மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்ட வேண்டாம், தேதியை மாற்றவும் வேண்டாம். என் தொகுப்பில் 2021 மே மாசத்தில் பத்தொன்பது நாள் காலி. அந்தக் காலியைப் பார்த்தாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த மாசம் ஞாபகம் வந்துவிடும்.

16. ஆயிரக்கணக்குல சேருதே, எப்படி வெச்சுக்கிறது?

எடுப்பது பத்தாக இருக்கலாம், இரவு படுக்கும் முன் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால் வருஷத்துக்கு 365 படமும் 1.1 ஜிபிக்குள் அடங்கும். வருஷத்துக்கு ஒரு கோப்புறை, மாசத்துக்கு ஓர் உள்கோப்புறை, வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் வேறு வீட்டில் இன்னொரு பிரதியாகவும். யாருக்காவது அனுப்பும்போது இருப்பிடத் தகவல் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குள்ளேயே உங்கள் வீட்டு இடக்குறி பதிந்திருக்கும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒரு நோட்டு. தேதி போட்டு ஒரே ஒரு வரி. படத்தில் வராததை அதில் எழுதுங்கள். பேசியது, வாசனை, அப்புறம் என்ன ஆயிற்று என்பது. "பூனைக் குட்டிகள் நாலு. மெக்கானிக் கடைக்காரர் டயருக்குள் சாக்கு விரித்திருக்கிறார்." ஆறு வருஷம் கழித்துப் படத்தைவிட அந்த வரி அதிகம் பேசுகிறது.

17. யாருக்கும் காட்டாம எடுத்து வெச்சு என்ன பிரயோஜனம்?

விவியன் மேயர் என்ற பெண் சிகாகோவில் வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். யாருக்கும் காட்டியதில்லை என்றே சொல்லலாம். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகம் பார்த்தது. 2009-இல் அவர் இறந்தார். தனக்கென்று பார்த்த ஓர் ஆயுசு அது, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

நான் ஆரம்பித்ததற்கு வேறு காரணம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வந்தபோது எங்கள் சுவரில் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு விட்டுப்போனது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதில் கை வைத்துக் காட்டுவார். 2017-இல் தங்கை கல்யாணத்துக்கு வெள்ளையடித்தோம், கோடு போய்விட்டது. அடுத்த வருஷம் அப்பாவும் போனார். அவர் அந்தக் கோட்டில் கை வைத்து நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மெட்ரோ தடுப்பு வைப்பதற்கு முன்னால் மயிலாப்பூர் லஸ் முனை எப்படி இருந்தது என்று இப்போது தேடுகிறவர்களுக்கு இது புரியும்.

18. மூணு மாசம் ஆச்சு. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கு, அலுத்துப்போச்சு.

மூன்றாவது மாசம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அப்போது புதிதாக எதையும் தேடாமல், மாறிக்கொண்டே இருக்கும் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு காத்தாடி. மின்கம்பியில் சிக்கிய சிவப்புத் தாள் காத்தாடி. முதல் வாரம் பளபளவென்று இருந்தது. இரண்டாம் வாரம் வெயிலில் ரோஸாக வெளுத்தது. ஒரு மழையில் பாதி கிழிந்தது. முப்பதாம் நாள் வாக்கில் தாளே இல்லை, வளைந்த மூங்கில் குச்சியும் நேர்க்குச்சியும் மட்டும். நாற்பத்தோராம் நாள் ஒரு காக்கா வளைந்த குச்சியை உருவிக்கொண்டு பறந்தது. மேலே நிமிர்ந்துகொண்டே நடந்ததால் அந்த மாசம் காக்காக்கள் எந்தெந்த மரத்தில் கூடு கட்டுகின்றன என்றும் தெரிந்துபோனது. அலுப்பு எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை.

19. எப்பவும் போன் வழியாவே பாக்குறதால, நேரா பாக்குறதே விட்டுப்போகுதோன்னு தோணுது. உங்களுக்கு அப்படி இல்லையா?

உண்டு. ஒரு சமயம் தங்கை பையன் முதல்முறை சைக்கிளில் கால் ஊன்றாமல் போனதை நான் திரையில்தான் பார்த்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தபோது என் முகம் போனுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அன்றைக்குப் படம் கிடையாது, 16-இல் சொன்ன நோட்டில் அந்த ஒரு வரி மட்டும்தான்.

போன மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் தெருவே வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. இஸ்திரி அண்ணன் வண்டி மேஜையில் படுத்துக்கொண்டார். பனை விசிறி ஒன்று நாலு வீடு கை மாறியது. யாரோ ஒரு வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவித் தட்டில் அனுப்பினார்கள். தட்டு எங்களிடம் வரும்போது இரண்டு துண்டு இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து விளக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் "ஹே" என்று கத்தினார்கள். நோட்டில் அன்றைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கரண்ட் வந்த பிறகும் பூக்கார அக்கா எழுந்து போகவில்லை. தட்டு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை."